உள்தொடை வலி: நீட்டி நீட்டியும் ஏன் போகவில்லை?

கேள்வி: எனக்கு 36 வயது. வாரத்தில் மூன்று நாள் மாலையில் பாட்மின்டன் ஆடுகிறேன், வலது கையால். நான்கு மாதமாக இடது தொடையின் உட்பக்கம், கவட்டைக்குச் சற்றுக் கீழே வலி. ஆடும்போது சுருக்கென்று தொடங்கும், மறுநாள் காலையில் படுக்கையில் புரண்டாலே வலிக்கும். இரண்டு வாரம் ஆடாமல் இருந்தால் குறைகிறது. திரும்ப ஆடினால் உடனே வந்துவிடுகிறது. டாக்டரிடம் போனேன், ‘தசைப்பிடிப்பு, ரெஸ்ட் எடுங்க’ என்றார். கவட்டை என்பதால் நானும் இடத்தைச் சரியாகக் காட்டவில்லை. தினமும் காலையில் கால்களை அகல விரித்து ஸ்ட்ரெட்ச் செய்கிறேன், பலன் இல்லை. காலோடு காலைச் சேர்ப்பதுதான் உள்தொடைத் தசையின் வேலை என்றால், ஆட்டத்தில், அதுவும் ராக்கெட் பிடிக்காத பக்கத்தில், ஏன் வலிக்க வேண்டும்? ஜிம்மில் தொடையை நெருக்கும் மெஷினில் உட்கார்ந்தால் வலியும் போகும், அங்கே இருக்கும் கொழுப்பும் கரையும் என்கிறாள் தோழி. செய்யலாமா?

பதில்: வலி இடப்பக்கம் என்று குறிப்பிட்டு எழுதியதற்கு நன்றி. அந்த ஒரு விவரம்தான் உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உதவியது. அது ஏன் என்று சொல்வதற்கு முன்னால், அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

உள்தொடையில் இருப்பது ஒரே தசை அல்ல, ஐந்து. பெக்டினியஸ், அடக்டர் பிரெவிஸ், அடக்டர் லாங்கஸ், அடக்டர் மேக்னஸ், கிராசிலிஸ். ஐந்துமே இடுப்பெலும்பின் முன்கீழ்ப் பகுதியில், அதாவது இரு பக்க எலும்புகளும் நடுவில் சந்திக்கும் பூப்பெலும்பிலும் அதிலிருந்து கீழே இறங்கும் வளைவிலும் தொடங்குகின்றன. அங்கிருந்து விசிறி போல விரிந்து தொடை எலும்பின் பின்புறத்தில் ஓடும் நீண்ட வரப்பில் போய்ப் பதிகின்றன. கிராசிலிஸ் மட்டும் விலக்கு. அது மெலிந்த நீளமான தசை. தொடை எலும்பில் ஒட்டாமல் முழங்காலையும் தாண்டிக் கெண்டைக்கால் எலும்பின் உட்புறத்தில் முடிகிறது. முழங்காலில் கிழிந்த தசைநாரைப் புதிதாக அமைக்கும்போது அறுவை சிகிச்சை நிபுணர்கள் சில சமயம் எடுத்துப் பயன்படுத்துவது இதன் நாணைத்தான், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற பகுதியை.

இந்த ஐந்தில் உங்கள் கைக்கு எட்டுவது அடக்டர் லாங்கஸ். மல்லாந்து படுத்து, இடது முழங்காலை மடக்கி வெளிப்பக்கமாகச் சாய்த்துவிட்டு, கவட்டையின் உள்மூலையில் விரலை வைத்துப் பாருங்கள். முழங்காலை லேசாக உள்பக்கம் இழுத்தால் விரல் தடிமனில் ஒரு நாண் விறைத்து எழும். அதுதான் லாங்கஸின் மேல் நாண். எலும்பில் அது ஒட்டும் இடம் சிறியது, தசையோ கீழே அகன்றது. அவ்வளவு பெரிய தசையின் இழுப்பு அத்தனையும் அந்தச் சின்ன இடத்தில் குவிகிறது. உள்தொடைக் காயங்களில் பெரும்பாலானவை இந்தத் தசையில் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்த நாணை அழுத்தும்போது ‘ஆமாம், இந்த வலிதான்’ என்று உங்களுக்கே தோன்றினால் பாதி விடை கிடைத்துவிட்டது.

மேக்னஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல எனக்கு ஆசை, ஏனென்றால் இதை யாரும் கண்டுகொள்வதில்லை. மற்ற நான்குக்கும் பின்னால் ஒளிந்திருக்கும் மிகப் பெரிய தசை இது. உள்தொடைத் தசைகளின் மொத்தக் கனத்தில் பாதிக்கு மேல் இதுவே. ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால் தொடையின் பின்புறத் தசைகள் எல்லாவற்றையும்விட உள்தொடைக் கூட்டம் பெரியது. மேக்னஸின் பின்பகுதி, நாம் உட்காரும்போது தரையில் அழுந்தும் எலும்பிலிருந்து கிளம்பி முழங்காலுக்குச் சற்று மேலே உட்பக்கத்தில் இறங்குகிறது. அந்தப் பகுதிக்கு நரம்புகூட வேறு. மற்றவற்றுக்குப் பெரும்பாலும் அப்டியூரேட்டர் நரம்பு, இதற்குப் பின்தொடைத் தசைகளைப் போலவே சயாட்டிக் நரம்பின் கிளை. அதனால் அது நடந்துகொள்வதும் பின்தொடைத் தசை மாதிரிதான். ஆழமாகக் குந்தி எழும்போதும், படியில் உடம்பை மேலே ஏற்றும்போதும், இடுப்பை நிமிர்த்துவதில் புட்டத் தசைக்குப் பெரிய துணை இதுதான். தொடைக்கு ரத்தம் கொண்டுவரும் பெரிய தமனியும் மேக்னஸின் கீழ்ப்பகுதியில் உள்ள ஒரு இடைவெளி வழியாகத்தான் முழங்காலின் பின்பக்கம் போகிறது.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான கேள்வி. காலைக் காலோடு சேர்ப்பது இந்தத் தசைகளின் வேலைகளில் ஒன்று மட்டும்தான். அதற்காக மட்டும் இவ்வளவு கனமான தசைக் கூட்டம் நமக்குத் தேவையே இல்லை. நாள் முழுதும் எத்தனை முறை நாம் எதையாவது தொடைக்கு நடுவில் நெருக்குகிறோம்? ஆனால் நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் இவை வேலை செய்கின்றன, குறிப்பாகக் குதிகால் தரையைத் தொடும்போதும், பாதம் தரையை விட்டு எழும்போதும். ஒற்றைக் காலில் உடம்பு நிற்கும் அந்த நொடியில் இடுப்பின் வெளிப்பக்கத் தசைகளும் உள்தொடைத் தசைகளும் எதிரெதிராக இழுத்துத்தான் இடுப்பெலும்பு ஆடாமல் நிற்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. இடுப்பு மூட்டு இருக்கும் நிலையைப் பொறுத்து இவற்றின் வேலை தலைகீழாக மாறும். கால் பின்னால் போயிருக்கும்போது லாங்கஸ் அதை முன்னால் இழுத்து வரும். தொடை நன்றாக மடங்கி முன்னால் தூக்கியிருக்கும்போது அதே தசை காலைப் பின்னால் இறக்க உதவும். தசை ஒன்றுதான், எலும்பின் கோணம் மாறியதும் இழுப்பின் திசை மாறிவிடுகிறது. ஓடும்போது இரண்டு வேலையும் மாறி மாறி நடக்கின்றன. அதனால்தான் திடீரென்று வேகம் கூட்டினாலும், திரும்பினாலும், நின்றாலும் இந்தத் தசைகள் மேல் பாரம் ஏறுகிறது.

சரி, இப்போது இடப்பக்கத்துக்கு வருவோம். வலது கையால் ஆடும் நீங்கள் நெட்டுக்கு அருகே விழும் பந்தை எடுக்க வலது காலைப் பெரிதாக முன்னால் வைத்து லன்ஜ் செய்கிறீர்கள். அப்போது இடது கால் எங்கே இருக்கிறது? பின்னால் நீண்டு, வெளிப்பக்கம் விலகி, பாதத்தின் உள்விளிம்பு தரையை உரசியபடி. லாங்கஸ் முழுதாக நீண்டிருக்கும் நிலை அது. அந்த நிலையில்தான், கால் இன்னும் விலகிப் போய்விடாமல் அது பிடித்து நிறுத்த வேண்டும், உடனே உடம்பு நடுவுக்குத் திரும்பும்போது காலை இழுத்தும் கொடுக்க வேண்டும். நீண்டுகொண்டே இழுத்துப் பிடிப்பது தசைக்கு மிகக் கடினமான வேலை, காயங்கள் நிறைய வருவதும் அதில்தான். ஒரு மாலை ஆட்டத்தில் இப்படி எத்தனை முறை நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ராக்கெட் பிடிக்காத பக்கம் சும்மா இருக்கிறது என்று நினைத்திருந்தீர்கள். உண்மையில் உங்கள் இடது உள்தொடை ஒவ்வொரு லன்ஜிலும் உழைக்கிறது.

எனவே நீங்கள் சொல்வதை வைத்துப் பார்க்கும்போது, இது லாங்கஸின் மேல் நாணும் அது எலும்பில் ஒட்டும் இடமும் நாள்பட்ட பாரத்தில் நொந்திருப்பது போலத் தெரிகிறது. நேரில் தொட்டுப் பார்க்காமல் இதை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் ஒன்று செய்து பார்க்கலாம். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, இரண்டுக்கும் நடுவில் கைமுஷ்டியையோ சிறு பந்தையோ வைத்து மெதுவாக நெருக்குங்கள். அப்புறம் கால்களை நீட்டி, கணுக்கால்களுக்கு நடுவில் வைத்து நெருக்குங்கள். அந்தப் பழகிய இடத்தில் பழகிய வலி வந்தால் என் ஊகம் வலுப்படுகிறது. நெருக்கும்போது வலியே இல்லை, ஆனால் தொடையை உள்பக்கம் திருகினால் கவட்டையின் ஆழத்தில் வலிக்கிறது என்றால் இடுப்பு மூட்டைப் பார்க்க வேண்டும். இடுப்பு மூட்டின் கோளாறு பல நேரம் உள்தொடையிலும் முழங்காலின் உட்பக்கத்திலும்தான் வலியாகத் தெரியும், ஏனென்றால் அப்டியூரேட்டர் நரம்பின் கிளைகள் அந்த இரண்டு மூட்டுகளுக்கும் போகின்றன.

ஓய்வும் ஸ்ட்ரெட்சும் ஏன் போதவில்லை? ஓய்வு எடுத்தால் எரிச்சல் அடங்குகிறது, அதனால் வலி குறைகிறது. ஆனால் அந்த இரண்டு வாரத்தில் தசையும் நாணும் பலம் கூடவில்லை, கொஞ்சம் குறையவே செய்திருக்கும். பதினைந்தாம் நாள் நீங்கள் முன்பு ஆடிய அதே ஆட்டத்துக்கு, முன்னைவிடப் பலம் குறைந்த நாணோடு திரும்புகிறீர்கள். வலி திரும்பாமல் என்ன செய்யும்? ஸ்ட்ரெட்ச் விஷயம் இன்னும் கொஞ்சம் சிக்கலானது. காலை அகல விரிக்கும்போது அந்த நாண் இழுபடுவதோடு, ஒட்டும் இடத்தில் எலும்போடு அழுத்தமும் படுகிறது. நொந்துபோன நாணுக்கு இந்த அழுத்தம் ஆகாது. செய்து முடித்ததும் சில நிமிடம் இலகுவாக இருப்பது போலத் தோன்றும், அதை நம்பித்தான் பலரும் மாதக்கணக்கில் தொடர்கிறார்கள். நீங்கள் இதை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். உங்களுக்கு நான் சொல்வதில் முதலாவது இதுதான்.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. 1999-ல் டென்மார்க்கில் செய்யப்பட்டு லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஒரு ஆய்வு இருக்கிறது. உங்களைப் போலவே நீண்ட நாள் உள்தொடை வலியோடு இருந்த விளையாட்டு வீரர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மசாஜ், லேசர், மின்தூண்டல், ஸ்ட்ரெட்ச். இன்னொரு குழுவுக்கு உள்தொடையையும் வயிற்றையும் பலப்படுத்தும் பயிற்சி, 8 முதல் 12 வாரம் வரை. பயிற்சிக் குழுவில் 23 பேர் வலியில்லாமல் பழைய நிலையில் விளையாட்டுக்குத் திரும்பினார்கள். மற்றக் குழுவில் 4 பேர்தான். அதில் பங்கேற்றவர்கள் எல்லோரும் ஆண்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் தசையும் நாணும் பாரத்துக்குப் பழகும் விதம் பெண்களுக்கு அடியோடு வேறு என்று நினைக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. தொழில்முறை ஐஸ் ஹாக்கி வீரர்களிடம் செய்து 2001-ல் வெளியான ஆய்வில், உள்தொடையின் பலம் இடுப்பின் வெளிப்பக்கத் தசைகளின் பலத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு உள்தொடைக் காயம் வரும் வாய்ப்பு 17 மடங்கு என்று கண்டார்கள்.

ஆகவே உங்களுக்குத் தேவை, அளவோடு கூட்டிக்கொண்டே போகும் பாரம். முதல் இரண்டு வாரம், நான் மேலே சொன்ன பந்து நெருக்குதலையே பயிற்சியாகச் செய்யுங்கள். முழங்கால்களுக்கு நடுவில் பந்து, 30 விநாடி நெருக்கி விடுவது, பத்து முறை. அதே போலக் கால்களை நீட்டிக் கணுக்கால்களுக்கு நடுவில். முழு பலத்தில் வேண்டாம், வலி பத்துக்கு மூன்றைத் தாண்டாத அளவுக்கு. இப்படி அசைவில்லாமல் பிடித்து நிறுத்துவது பலருக்கு வலியையே குறைத்துவிடும்.

அது சுலபமானதும் அடுத்தது. இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, மேலே இருக்கும் வலது காலை மடக்கி முன்னால் வைத்துக்கொண்டு, கீழே இருக்கும் இடது காலை நேராக மேலே தூக்குங்கள். தூக்குவது முக்கியம் இல்லை, இறக்குவதுதான் முக்கியம். மூன்று விநாடி எடுத்து மெதுவாக இறக்குங்கள். அப்புறம் நின்றபடி கணுக்காலில் எலாஸ்டிக் பட்டை கட்டி, வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே இழுப்பது, திரும்பவும் மெதுவாக விடுவது. வாரத்துக்கு மூன்று நாள் போதும். நடுவில் ஒருநாள் இடைவெளி நாணுக்கு அவசியம். வலது பக்கத்துக்கும் செய்யுங்கள்.

கடைசிக் கட்டம் கோபன்ஹேகன் பயிற்சி. ஒருக்களித்து முன்கையில் ஊன்றி, மேல் காலை ஒரு பெஞ்சின் மீது வைத்து, அந்தக் காலின் உள்தொடையால் உடம்பை மேலே தூக்கி மெதுவாக இறக்க வேண்டும். நார்வேயில் 35 கால்பந்து அணிகளை வைத்து 2019-ல் வெளியான ஆய்வில், இந்த ஒரே பயிற்சியைத் தொடர்ந்து செய்த அணிகளில் கவட்டைப் பிரச்சினை வரும் வாய்ப்பு 41 சதவீதம் குறைந்தது. ஆனால் இது கடுமையானது. எடுத்த எடுப்பில் செய்தால் பலம் உள்ளவர்களுக்கே இரண்டு நாள் நடக்க முடியாமல் வலிக்கும். முழங்கால் பெஞ்சில் இருக்கும்படி தொடங்குங்கள். சில வாரம் கழித்து, வலி இல்லாவிட்டால் மட்டும், கணுக்கால் பெஞ்சில் இருக்கும்படி மாற்றுங்கள். முழங்காலில் பழைய காயம் இருந்தால் இரண்டாவதற்குப் போகவே வேண்டாம்.

எது அதிகம், எது குறைவு என்று தெரிந்துகொள்ள மறுநாள் காலையைக் கவனியுங்கள். படுக்கையில் புரளும்போது வலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். முந்தைய நாளைவிட அந்த வலி கூடியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம், அடுத்த முறை குறையுங்கள். அப்படியே இருந்தாலோ குறைந்திருந்தாலோ போகும் பாதை சரி.

ஆட்டத்தை முழுதாக நிறுத்தச் சொல்லமாட்டேன். வாரத்துக்கு ஒருநாள், பாதி நேரம், பெரிய லன்ஜ் இல்லாமல் ஆடுங்கள். இரட்டையர் ஆட்டத்தில் பின்பகுதியில் நின்றால் முன்னால் பாயும் வேலை குறையும். ஆறு வாரத்துக்கு மேல், கணுக்கால் நெருக்குதல் முழு பலத்தில் வலியில்லாமல் வந்த பிறகு, லன்ஜைச் சிறிதாகத் தொடங்கி அகலப்படுத்துங்கள். இன்னொன்று, பின்காலை நீட்டி இழுத்துவிடாமல் அடியைக் கொஞ்சம் உள்ளே எடுத்து வைக்கப் பழகினால் அந்த நாணுக்குப் பெரிய உதவி. பயிற்சியாளர் யாராவது இருந்தால் இதைப் பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள்.

தோழி சொன்ன மெஷினைப் பொறுத்தவரை, அது கெட்டது இல்லை. எடையைக் கூட்டிக் குறைக்க வசதியானது. ஆனால் பல மெஷின்களில் கால்கள் மிகவும் அகன்ற நிலையிலிருந்து தொடங்கும், அது இப்போது உங்களுக்கு ஆகாது. இடைவெளியைக் குறைத்து வைத்துக்கொள்ள முடிந்தால் நடுக் கட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். கொழுப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வேலை செய்யும் தசை தன் மேலே இருக்கும் கொழுப்பை மட்டும் எடுத்து எரிப்பதில்லை, உடம்பு முழுவதிலிருந்தும் ரத்தம் வழியாகத்தான் வாங்கிக்கொள்கிறது. தொடையின் உட்புறம் கொழுப்பு சேர்வதை ஹார்மோனும் பரம்பரையும் பெரிதும் தீர்மானிக்கின்றன. அங்கே கொஞ்சம் சதை இருப்பது நோயும் இல்லை, குறையும் இல்லை.

சில அறிகுறிகள் இருந்தால் மட்டும் இந்தப் பயிற்சிகளைத் தொடங்காமல் முதலில் டாக்டரைப் பாருங்கள். இருமும்போதோ நிற்கும்போதோ கவட்டையில் ஒரு புடைப்பு தெரிந்தால் அது குடலிறக்கமாக இருக்கலாம். அசையாமல் படுத்திருக்கும்போதே இரவில் வலி எழுப்பிவிட்டாலோ, காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ சேர்ந்திருந்தாலோ காத்திருக்க வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்த உறைவா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். அந்தக் காலில் ஊன்றிக் குதித்தால் கவட்டையின் ஆழத்தில் வலித்தால், குறிப்பாகச் சமீபத்தில் ஓட்டமோ ஆட்டமோ திடீரென்று கூடியிருந்தால், தொடை எலும்பின் கழுத்தில் மெல்லிய முறிவு இருக்கலாம். தொடக்கத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும், எம்ஆர்ஐ தேவைப்படும். இதைப் படிக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பத்து முதல் பதினாறு வயதுப் பிள்ளை தொடையோ முழங்காலோ வலிக்கிறது என்று நொண்டினால் தசைப்பிடிப்பு என்று விட்டுவிடாதீர்கள். இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை நழுவியிருக்கலாம், அது உடனே கவனிக்க வேண்டியது. கர்ப்பிணிகளுக்கும் பிரசவமான சில மாதங்களுக்குள் உள்ளவர்களுக்கும் பூப்பெலும்பு இணைப்பே தளர்ந்து வலிக்கலாம். அவர்களுக்கு நான் மேலே சொன்ன பயிற்சிகள் அப்படியே பொருந்தாது.

இடத்தைக் காட்டத் தயங்கினேன் என்று எழுதியிருந்தீர்கள். என்னிடம் வருபவர்களில் நிறையப் பேர் அப்படித்தான், ஆண்களும்கூட. இடுப்பு வலி என்பார்கள், முழங்கால் வலி என்பார்கள், கடைசியில் எழுந்து போகும்போது சொல்வார்கள். அடுத்த முறை டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ போகும்போது பேன்டுக்கு மேலேயே ஒரு விரலால் வலிக்கும் புள்ளியை நீங்களே அழுத்திக் காட்டுங்கள். ஆடை கலைய வேண்டியதில்லை. பெண் மருத்துவர் வேண்டும் என்றோ துணைக்கு ஒருவர் உள்ளே இருக்கட்டும் என்றோ கேட்பது உங்கள் உரிமை. நெருக்கும் பரிசோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள், நான்கு மாத விவரத்தையும் வலப்பக்க லன்ஜையும் சொல்லுங்கள். ஆறு வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் காலை வலி கொஞ்சமும் குறையவில்லை என்றால், அப்போது இடுப்பு மூட்டையும் சேர்த்து ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம்.